பஞ்சாலைப் பெண்களும் நம் தோட்டத்துப் பெண்களும்: கரப்பந்தாட்ட அனுபவங்களைப் பகிருங்கள்

தலவாக்கலை ஆசிரியை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் பாடசாலையில் பெண்பிள்ளைகளின் கரப்பந்தாட்ட (வொலிபோல்) அணி என் பொறுப்பில் இருக்கிறது. பின்னேரம் பயிற்சி வைத்தால் ஐந்து மணிக்கு முன்பே ஒவ்வொருத்தியாகப் பையைத் தூக்கிவிடுவார்கள். பீலியில் தண்ணீர் பிடிக்க வேண்டும், தம்பியைப் பிள்ளைக் காம்பராவிலிருந்து (தோட்டத்துக் குழந்தைகள் காப்பகம்) கூட்டிவர வேண்டும், அம்மா மலையிலிருந்து இறங்குவதற்குள் அடுப்பு மூட்ட வேண்டும். நன்றாக எழும்பி அடிக்கிற பிள்ளைகள். அவர்களுக்கு இல்லாதது நேரம் மட்டும்தான்.

இந்தப் பிள்ளைகளுக்கு நான் அடிக்கடி சொல்கிற ஒரு கதை உண்டு. ஜப்பானில் ஒரு பஞ்சாலையின் பெண்கள் அணி உலகத்தை வென்ற கதை. முதலில் அதை எழுதிவிடுகிறேன். பிறகு உங்கள் அனுபவங்களை எழுதுங்கள். வேலைக்குப் போய்க்கொண்டே கரப்பந்தாட்டம் ஆடிய பெண்களைப் பார்த்திருக்கிறீர்களா? நீங்களே ஆடினீர்களா? எப்படி நேரம் கண்டுபிடித்தீர்கள்? எது உங்களை நிறுத்தியது?

ஒசாகாவுக்குத் தெற்கே கைசுக்கா என்று ஓர் ஊர். அங்கே நிச்சிபோ என்ற கம்பனிக்கு ஒரு பஞ்சாலை இருந்தது. அந்தக் காலத்து ஜப்பானியப் பஞ்சாலைகளுக்குக் கிராமத்துப் பெண்பிள்ளைகள் வந்து, விடுதியில் தங்கி வேலை செய்வார்கள். அவர்களுடைய ஓய்வு நேரத்துக்கென்று ஆலை வளவுக்குள் புகுந்த விளையாட்டு கரப்பந்தாட்டம். வெவ்வேறு ஆலைகளில் ஆடிக்கொண்டிருந்தவர்களை 1950களில் கம்பனி கைசுக்காவில் ஒன்றுசேர்த்து ஓர் அணியாக்கியது. பயிற்றுநர் ஹிரோபுமி டைமட்சு. யுத்தத்தில் பர்மாப் பக்கம் போய், கைதியாக இருந்து ஊர் திரும்பியவர். அவருக்கும் அதே கம்பனியில்தான் உத்தியோகம். பெண்கள் காலையிலிருந்து கம்பனி அலுவலகத்தில் வேலை பார்த்துவிட்டுப் பின்னேரம் களத்துக்கு வருவார்கள். பல நாள் பயிற்சி முடிய நடுச்சாமம் ஆகிவிடும்.

அப்போது ஜப்பானில் பக்கத்துக்கு 9 பேர் நின்று ஆடுவதுதான் வழக்கம். வெளிநாட்டுப் போட்டிகளிலோ 6 பேர். இவர்கள் ஆறு பேர் ஆட்டத்துக்கு மாறினார்கள். ஆறு பேர் என்றால் ஒவ்வொருத்திக்கும் காக்க வேண்டிய இடம் கூடிவிடும். எதிரணியில் நின்ற ஐரோப்பியப் பெண்களோ உயரமானவர்கள், அடியும் பலமானது. அதற்கு டைமட்சு கண்ட வழி, பந்தைத் தேடிப் பாய்ந்து எடுத்து, விழுந்த வேகத்திலேயே தோளால் உருண்டு எழுந்து நிற்பது. எப்படித் தள்ளினாலும் நிமிர்ந்து உட்காரும் ஒரு ஜப்பானியப் பொம்மையிலிருந்து அந்த எண்ணம் வந்ததாகச் சொல்வார்கள். பிள்ளைகளுக்கு நான் தஞ்சாவூர்ப் பொம்மையைக் காட்டித்தான் விளங்கப்படுத்துவேன்.

1960 இல் பிரேசிலில் நடந்த உலகப் போட்டியில் ஜப்பான் பெண்கள் சோவியத்துக்கு அடுத்ததாக வந்தார்கள். 1961 இல் நிச்சிபோ அணி ஐரோப்பாவுக்குப் போய் வெற்றிமேல் வெற்றி பெற, அங்கேதான் ‘கீழைத்தேயச் சூனியக்காரிகள்’ என்ற பட்டம் ஒட்டிக்கொண்டது. 1962 இல் மொஸ்கோவிலேயே வைத்துச் சோவியத் அணியை வீழ்த்தி உலக சம்பியன் ஆனார்கள். அத்தோடு விலகிக்கொள்ளலாம் என்றுதான் பல பேர் நினைத்திருந்தார்கள். கல்யாண வயது தாண்டிக்கொண்டிருந்தது. ஆனால் 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் கரப்பந்தாட்டம் முதல் தடவையாகச் சேர்க்கப்பட்டது. ஒலிம்பிக்கில் பெண்களுக்குக் கிடைத்த முதல் பந்துக் குழு ஆட்டம் அதுதான். போகாதீர்கள் என்று நாட்டு மக்கள் ஆயிரக்கணக்கில் கடிதம் எழுதினார்கள். தலைவி மசாயே கசாயும் மற்றவர்களும் நின்றார்கள்.

ஒலிம்பிக் அணியில் இரண்டு பேரைத் தவிர எல்லோரும் நிச்சிபோக்காரிகள். 1964 ஒக்டோபர் 23 ஆம் திகதி, கொமசாவா அரங்கில் சோவியத்துடன் கடைசி ஆட்டம். முதல் செட் 15-11, இரண்டாவது 15-8. மூன்றாவதில் 14-9 என்று இருந்தது. ஒரே ஒரு புள்ளிதான் வேண்டும். அந்த ஒன்று வரவே மாட்டேன் என்றது. சோவியத் அணி ஒவ்வொன்றாக எடுத்து 14-13க்கு வந்துவிட்டது. கடைசியில் சோவியத் ஆட்டக்காரி ஒருவரின் கை வலைக்கு மேலால் இந்தப் பக்கம் வந்துவிட, நடுவரின் விசில் ஊதியது. 15-13. அந்த ஆட்டத்துக்குத் தொலைக்காட்சியில் கிடைத்த பார்வையாளர் அளவு 66.8 வீதம். ஜப்பானில் இன்றும் அந்தக் கணக்கைச் சொல்கிறார்கள்.

ஆனால் எனக்கு இதைவிடப் பெரிதாகப் படுவது பிறகு நடந்ததுதான். கசாய் விலகினார். அடுத்த வருடம் கல்யாணமும் செய்துகொண்டார். வரன் பார்த்து அறிமுகம் செய்துவைத்தவர் அந்த நாட்டுப் பிரதமர் சாட்டோ. டைமட்சுவும் போய்விட்டார். அவர்கள் இடத்துக்குப் புதுப் பிள்ளைகள் வந்தார்கள், வெற்றியும் அறாமல் தொடர்ந்தது. 1966 இல் யஷிகா அணியிடம் தோற்கும்வரை நிச்சிபோ தொடர்ச்சியாக வென்ற ஆட்டங்கள் 258. 1969 இல் கம்பனி இன்னொன்றோடு இணைந்து யூனிட்டிகா ஆனது, அணியும் அந்தப் பெயருக்கு மாறியது. 2000 இல் யூனிட்டிகா கைவிட்டபோது டோரே என்ற இழைக் கம்பனி அணியை ஏற்று ‘டோரே அரோஸ்’ ஆக்கியது. 2008, 2009, 2010 என்று மூன்று தடவை விடாமல் ஜப்பான் லீக்கை வென்றது, 2012 இல் மறுபடியும் வென்றது. பெயர் மாறியது, ஊர் மாறியது, ஆட்களும் எத்தனையோ தலைமுறை மாறிவிட்டார்கள். அணி நிற்கிறது.

நம் பக்கத்தில் ஒரு கெட்டிக்காரி கல்யாணமாகிப் போனால் அணியே போய்விடுகிறது. இதை எப்படி மாற்றுவது என்பதுதான் என் கேள்வி. எழுதுங்கள்.


பொகவந்தலாவைப் பெரியவர்:

டீச்சர், ஒக்டோபர் 23 என்று படித்ததும் எனக்கு வேறொரு திகதி ஞாபகம் வந்துவிட்டது. அதே வருடம், அடுத்த கிழமை, ஒக்டோபர் 30. டில்லியில் நம் பிரதமர் சிறிமாவோ அம்மையாரும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் மலையகத் தமிழரைப் பற்றிய ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட நாள். ஐந்தேகால் லட்சம் பேர் இந்தியாவுக்கு, மூன்று லட்சம் பேருக்கு இங்கே பிரஜாவுரிமை, ஒன்றரை லட்சம் பேர் விஷயம் பிறகு என்று நம்மைப் பங்கு பிரித்தார்கள். நம்மில் யாரையும் கேட்கவில்லை.

இதற்கும் பந்துக்கும் என்ன சம்பந்தம் என்று இளம் பிள்ளைகள் கேட்கலாம். சொல்கிறேன். எங்கள் தோட்டத்தில் எழுபதுகளில் பெண்கள் அணி ஒன்று இருந்தது. பெரிய அணி என்று சொல்லமாட்டேன். காலையில் வேலைக்கு ஆள் கூடுகிற பெரட்டுக் களத்தில் இரண்டு சவுக்குக் கம்பம் நட்டு, கயிறு கட்டி, அதில் பழைய வலைத் துண்டைத் தொங்கவிட்டு ஆடுவார்கள். களத்துக்குக் கீழே ஒரே சரிவு. பந்து தப்பினால் தேயிலைக்குள் ஓடி எந்தக் கானில் கிடக்கும் என்று சொல்ல முடியாது. அதற்காகவே சின்னப் பையன்களைக் கீழே வரிசையாக நிறுத்தி வைப்போம். நானும் அப்படி நின்றவன்தான்.

என் மூத்த அக்காதான் பந்து எடுத்துக்கொடுப்பவர். கொழுந்து பறிக்கிற விரல் என்பதாலோ என்னவோ, பந்து அவர் கையில் பட்ட சத்தமே கேட்காது. அடிப்பவர் பக்கத்து லயத்துப் பெண். இருவரும் ஒரே கொழுந்து நிரையில் நிற்பவர்கள். யார் எப்போது எழும்புவார் என்று ஒருவருக்கொருவர் சொல்லத் தேவையில்லை. அந்தத் தைப்பொங்கலுக்குப் பக்கத்துத் தோட்டத்துக்காரிகளை வென்றோம். அடுத்த பொங்கலுக்கு அணியில் பாதிப் பேர் இல்லை. குடும்பம் குடும்பமாகப் பாஸ்போர்ட் வந்து, ஹட்டனில் கோச்சி ஏறி, தலைமன்னாரில் கப்பல் ஏறிவிட்டார்கள். அடிக்கிறவர் கோத்தகிரிப் பக்கம் போனதாகக் கேள்வி. என் அக்கா அதற்குப் பிறகு பந்தைத் தொடவில்லை. எவ்வளவு கூப்பிட்டும் வரவில்லை.

கல்யாணத்தால் மட்டும் நம் அணிகள் உடைந்தன என்று எழுதாதீர்கள், டீச்சர். இதையும் சேர்த்துச் சொல்லுங்கள் பிள்ளைகளுக்கு.


கட்டுநாயக்கவிலிருந்து லுணுகலைப் பிள்ளை:

அக்கா, நான் பத்தாம் வகுப்புவரை ஊரில் ஆடினேன். பிறகு கார்மென்ட் வேலைக்கு இங்கே வந்தேன். இங்கே பெரிய ஆடைத் தொழிற்சாலைகள் தங்கள் பெயரில் பெண்கள் கரப்பந்தாட்ட அணி வைத்திருக்கும், வர்த்தக நிறுவனங்களுக்கிடையிலான போட்டிகளுக்கு இறங்கும். அதில் ஆடுகிற சிலர் தேசிய அணி மட்டத்துக்குக்கூடப் போயிருக்கிறார்கள். அது மலையகத்தில் பலருக்குத் தெரியாது.

நான் இருந்த தொழிற்சாலை அவ்வளவு பெரியதில்லை (பெயர் வேண்டாம்). ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் வெளியே பந்து தட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்து அணிக்குக் கூப்பிட்டார்கள். நாங்கள் ஏழெட்டுப் பேர், தமிழ்ப் பிள்ளைகள் நானும் பசறைக்காரி ஒருத்தியும். மற்றவர்கள் அநுராதபுரம், மொனராகலைப் பிள்ளைகள். ஒரு கிழமைக்குள் பாஷை பிரச்சினையாகவே தெரியவில்லை. “என்ட” (வா), “மகே” (என்னுடையது) என்று கத்தினால் போதும்.

பிரச்சினை ஓவர்டைம். பயிற்சி ஐந்து மணிக்கு. ஓவர்டைமும் ஐந்து மணிக்கு. பந்துக்குப் போனால் அந்தக் காசு இல்லை. மாதக் கடைசியில் வீட்டுக்கு அனுப்பும் பணம் குறையும்போது அம்மா ஒன்றும் கேட்கமாட்டார், எனக்குத்தான் சாப்பாடு இறங்காது. சுப்பவைசர் அக்காவோ, “டார்கெட் முடிக்காமல் எங்கே ஓடுகிறாய்” என்பார். கிண்ணம் வென்று வந்தபோது மட்டும் முன் வாசலில் நிறுத்திப் படம் எடுத்தார்கள். கேட்டுப் பார்த்தோம், ஆடும் நேரத்துக்கு அரைவாசி ஓவர்டைமாவது போடுங்கள் என்று. பதில் வரவில்லை. இரண்டு சீசனில் பசறைக்காரி நின்றுவிட்டாள், அடுத்து நான்.

நீங்கள் சொன்ன அந்த ஜப்பான் கம்பனி, ஆடுகிறவர்களுக்கு வேலையும் கொடுத்துத் தங்க இடமும் கொடுத்துப் பயிற்றுநரையும் வைத்திருந்தது. எங்களைப் போலக் காசா, பந்தா என்று தேர்ந்தெடுக்க வேண்டிய நிலையில் அவர்களை நிறுத்தவில்லை போலிருக்கிறது. எனக்கு அதுதான் பெரிய விஷயமாகத் தெரிகிறது.


ஹட்டன், தொழிற்சங்க வேலை செய்பவர்:

தங்கச்சி சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் டீச்சரோடு எனக்கு ஒரு வாக்குவாதம் உண்டு. கோபிக்க வேண்டாம்.

நடுச்சாமம்வரை பயிற்சி என்பதை நாம் பெருமையாகப் பிள்ளைகளிடம் சொல்லலாமா? அந்தப் பயிற்றுநரை ஜப்பானிலேயே ‘பேய் டைமட்சு’ என்றுதான் அழைத்தார்கள். ஒரு பெண் தரையில் விழுந்து எழுந்திருக்க முடியாமல் கிடக்கும்போதும் அவள் மேல் பந்தை எறிந்துகொண்டே இருந்த மனிதர் அவர். கம்பனிக்கோ நல்ல விளம்பரம். நம் பெண்கள் விடிய நாலு மணிக்கு எழும்பி, ரொட்டி தட்டி, பிள்ளையைக் காம்பராவில் விட்டு, பெரட்டுக்கு ஓடி, கொழுந்துக் கணக்கு குறைந்தால் அரைப் பேர் (அரைநாள் சம்பளம்) போடுவார்கள் என்ற பயத்திலேயே நிரையில் நிற்கிறவர்கள். ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே சம்பளம் என்பதையே 1984 இல் போராடித்தான் வாங்கினோம். “இன்னும் கொஞ்சம் தாங்கு” என்று அவர்களிடம் சொல்லும் கதை இனிமேல் ஒன்றுகூட வேண்டாம் என்பது என் கருத்து.


தலவாக்கலை ஆசிரியை:

கோபம் இல்லை அண்ணா. அந்த மனிதரின் முறையில் பாதியை நான் என் பிள்ளைகள்மேல் ஒருநாளும் வைக்கமாட்டேன். மாதவிடாய் நாளிலும் வயிற்றுவலியிலும் ஒரு பிள்ளையை உருளச் சொல்கிற பயிற்சி எனக்கு வேண்டாம். அதற்காக அந்தப் பெண்களை வெறுமனே வதைபட்டவர்கள் என்று ஒதுக்கவும் மனம் வரவில்லை. 1962 இல் போகலாம் என்று கதவு திறந்திருந்தபோது யோசித்து நின்றவர்கள் அவர்கள். பிற்காலத்தில் கசாய் அம்மா வயதான தாய்மாருக்கும் கரப்பந்தாட்டம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். 2013 இல் காலமானார். வதைபட்ட நினைவு மட்டும் இருந்திருந்தால் ஒருவர் அந்தப் பந்தை மறுபடி தொடுவாரா?

நான் எடுத்துக்கொள்வது நடுச்சாமத்தை அல்ல. பின்னேரம் நாலரை மணிக்கு அந்தப் பெண்களுக்கென்று ஒரு களமும் வலையும் வெளிச்சமும் ஒவ்வொரு நாளும் தயாராக இருந்ததே, அதை. நம் பிள்ளைகளுக்கு ஒன்றரை மணி நேரம் போதும். அதைக் கேட்பதற்கு எனக்கு வெட்கமில்லை.

பெரியவர் ஐயா, உங்கள் அக்காவைப் பற்றி எழுதியதை எங்கள் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டினேன். கப்பலேறிப்போன அணி என்று அவர்களே பெயர் வைத்துவிட்டார்கள்.


ஹப்புத்தளைத் தாதி:

அந்த உருண்டு எழும்புகிற வித்தையை நான் நேரில் கற்றிருக்கிறேன். பண்டாரவளையில் படித்த காலத்தில் ஜப்பானிலிருந்து தன்னார்வ ஆசிரியையாக ஒரு பெண் வந்திருந்தார். இருபத்தைந்து வயதுகூட இருக்காது. தமிழ் தெரியாது, சிங்களம் கொஞ்சம் தெரியும், மீதி எல்லாம் சைகை.

எங்கள் மைதானத்தில் புல்லைவிடக் கல்லுதான் அதிகம். முதல் நாள் அவர் பந்தையே வெளியே எடுக்கவில்லை. எங்கள் எல்லோரையும் ஒரு வரிசையாக நிறுத்தி, குனிந்து கல் பொறுக்க வைத்தார், தானும் பொறுக்கினார். அடுத்த நாள் கொழுந்துச் சாக்குகளை வாங்கி வரச்சொல்லி, உள்ளே வைக்கோல் அடைத்து, நீளமாக ஒரு மெத்தை. முதலில் முழங்கால் மடியும், பிறகு இடுப்பின் பக்கம் தரையில் படும், கை நீண்டு பந்தை எடுக்கும், அதே ஓட்டத்தில் எதிர்த் தோளுக்கு மேலாகக் கால் சுழன்று வரும், எழுந்துவிடுவோம். தலை தரையில் படக்கூடாது. நாடியை நெஞ்சில் ஒட்டிக்கொள்ள வேண்டும். எங்கள் தாடைக்கு அடியில் ஒரு கைக்குட்டையை மடித்து வைத்து, அது விழாமல் உருளச் சொல்வார். விழுந்தால் மறுபடி. அதட்டியதே இல்லை.

இப்போது வார்டில் முதுகுவலியோடு வருகிற கொழுந்துக்காரிகளைப் பார்க்கும்போது எனக்கு அவருடைய பயிற்சிதான் ஞாபகம் வருகிறது. நாள் முழுக்கக் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு சரிவில் நிற்கிற உடம்பு. விளையாட வருகிற தாய்மாருக்கு முதலில் கழுத்தையும் இடுப்பையும் இளக்கிவிட்டுப் பிறகு பந்தைக் கொடுங்கள் டீச்சர். எடுத்த எடுப்பில் எகிறி அடிக்க விடாதீர்கள்.


மஸ்கெலியா, முன்னாள் நடுவர்:

1916 இல் வோல்டர் கெமக் என்பவர் கொழும்பு வை.எம்.சி.ஏ.வில் தொடக்கிவைத்த ஆட்டம் இது. 1991 இல் நாட்டின் தேசிய விளையாட்டு ஆனது. தேசிய விளையாட்டு என்று பெயர், ஆனால் எத்தனை தோட்டத்தில் ஒரு சமதரை இருக்கிறது? சமமாக இருந்த இடத்திலெல்லாம் தேயிலை வைத்தார்கள், மிச்சத்தில் ஸ்டோர் (தேயிலைத் தொழிற்சாலை) கட்டினார்கள். கரப்பந்துக்கு 18 மீட்டர் நீளமும் 9 மீட்டர் அகலமும் போதும், சுற்றிவர மூன்று மீட்டர் விட்டால் நல்லது. கிரிக்கெட்டுக்கு மலையை வெட்ட வேண்டும், இதற்குப் பெரட்டுக் களமே காணும். அதனால்தான் இது நமக்கு ஏற்ற ஆட்டம் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

ஒரு விஷயம் பார்த்தேன். எங்கள் பகுதியில் ஒரு தோட்டத்தில் பெண்கள் அணி பல வருடமாக உடையாமல் ஓடுகிறது. காரணம் ஒரு கிழவி. ஆட்டம் தெரியாதவர். ஆடப் போகிறவர்களின் பிள்ளைகளை அந்த ஒன்றரை மணி நேரம் தன் வாசலில் வைத்துப் பார்த்துக்கொள்கிறார். கல்யாணமாகி அதே தோட்டத்தில் இருக்கிறவர்கள் இதனால் திரும்பி வருகிறார்கள். வெளியூர் போனவர்களுக்குப் பதில் அவர்கள் தங்கைமார் வருகிறார்கள். அந்தக் கிழவிக்கு ஒரு வெற்றிக் கிண்ணத்தைக் கொடுத்தார்கள் ஒரு முறை. அரிசி அளக்க வைத்திருக்கிறார்.


தலவாக்கலை ஆசிரியை:

ஐயா, இதைத்தான் நான் தேடிக்கொண்டிருந்தேன். எங்கள் பெற்றோர் கூட்டத்தில் அடுத்த முறை இதைப் பேசப்போகிறேன். தண்ணீர் பிடிக்கிறதையும் தம்பி தங்கையைப் பார்க்கிறதையும் வாரத்தில் மூன்று நாள் அண்ணன்மார் செய்யட்டும் என்றும் கேட்கப்போகிறேன். சத்தம் வரும். வரட்டும்.


அக்கரப்பத்தனைத் தகப்பன்:

டீச்சர், என் மகள் உங்கள் பாடசாலை இல்லை. ஆனாலும் கேட்கிறேன். எங்கள் தோட்டத்தில் நாலைந்து பேர் சேர்ந்து பெண்பிள்ளைகளுக்கு ஒரு களம் போடலாம் என்று இருக்கிறோம். இரண்டு இரும்புக் குழாய் என்னிடம் கிடக்கிறது. ஒவ்வொன்றும் பதினொரு அடி. போதுமா? வலையை எவ்வளவு உயரத்தில் கட்ட வேண்டும்?


தலவாக்கலை ஆசிரியை:

தாராளமாகப் போதும் அண்ணா. இரண்டரை அடி மண்ணுக்குள் போகட்டும், அடியில் கல்லும் சீமெந்தும் போட்டு இறுக்குங்கள். மழைக்கு எங்கள் பக்கத்து மண் இளகிவிடும். குழாய் கோட்டிலிருந்து ஒரு முழமாவது தள்ளி நிற்க வேண்டும், பாய்கிற பிள்ளை போய் மோதக்கூடாது. பழைய சாக்கைச் சுற்றிக் கட்டிவிட்டால் இன்னும் நல்லது. பெண்களுக்கு வலையின் மேல்விளிம்பு 2.24 மீட்டர், ஏறக்குறைய ஏழு அடி நாலு அங்குலம். சின்னப் பிள்ளைகளுக்கு முதலில் ஒரு அடி இறக்கியே கட்டுங்கள், எழும்பி அடிக்கிற ருசி தெரியட்டும். குழாயடியில் அளக்காமல் களத்தின் நடுவில் நின்று அளந்து பாருங்கள். வலை கட்டியதும் சொல்லுங்கள், எங்கள் பிள்ளைகளை ஒரு சனிக்கிழமை பஸ்ஸில் கூட்டிவருகிறேன்.